இரண்டு பெண்கள் போதாது

ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மறுபடி முழுசாக எழுப்பி நிறுத்தும் மேடை வித்தையின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கும் கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் முறை, அவர் என்ன சொல்கிறார் என்று அறிய. இரண்டாம் முறை, அதற்கு என்ன ஆதாரம் தருகிறார் என்று தேட. மூன்றாம் முறை, ஆதாரம் எதையும் தராமல் ஒருவரால் இவ்வளவு உறுதியாக எப்படி எழுத முடிகிறது என்று புரிந்துகொள்ள. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எனக்குக் கணக்கு அவருடைய வாதத்தோடுதான். இதே வாதத்தை இதே தொனியில் சொல்லித் திரிபவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சொல்லும் பதில் எல்லோருக்கும் போய்ச் சேரட்டும்.

அவர் சொல்வது ஐந்து. இந்த வித்தை பண்டைய எகிப்தின் டெடி என்ற மந்திரவாதியின் காலத்திலிருந்து வருவது, 1921இல் லண்டனில் செய்துகாட்டிய செல்பிட் வெறும் நகலெடுத்தவர் என்பது ஒன்று. ஆனாலும் இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் புகழ்பெற்ற ஹோரஸ் கோல்டின், காப்புரிமை அவரிடம் இருப்பதே சாட்சி என்பது இரண்டு. ரகசியம் ஒன்றே ஒன்று, பெட்டிக்குள் இரண்டு பெண்கள் என்பது மூன்று. பெட்டியே இல்லாமல் இந்திய வித்தைக்காரர் பி.சி. சர்க்கார் 1956இல் செய்துகாட்டியது கூட்டு மனோவசியம் என்பது நான்கு. இவ்வளவையும் சொல்லி முடித்தபின், வித்தையின் ரகசியத்தைத் தேடுவதே ரசனைக் குறைவு, கலையைக் கொல்லும் செயல் என்று உபதேசிப்பது ஐந்து.

எகிப்தில் டெடி செய்ததை கோல்டின் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? ரகசியம் ஒன்றே ஒன்று என்றால், சர்க்காருக்கு மட்டும் மனோவசியம் என்ற இன்னொரு ரகசியம் எங்கிருந்து முளைத்தது? ரகசியத்தைத் தேடுவது பாவம் என்றால், முதல் நான்கு பாவங்களையும் செய்த கை யாருடையது? மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம் (கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று அளவையை வகுத்து, ஏது போலத் தோன்றி ஏது ஆகாதவற்றை வரிசையாக அடுக்கிக் காட்டுகிறது. அந்த வரிசையில் பாதிக்கு மேல் உதாரணம் தேடி நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை, இந்தக் கட்டுரை ஒன்றே போதும். இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் டெடி. அவன் கதை வருவது வெஸ்ட்கார் பாப்பிரஸ் என்ற சுவடியில். அது இருப்பது பெர்லினில். குஃபு மன்னன் முன்னிலையில் டெடி ஒரு வாத்தின் தலையை வெட்டி, உடலை மண்டபத்தின் மேற்கிலும் தலையைக் கிழக்கிலும் வைத்து, மந்திரம் சொல்லி இரண்டையும் சேர்க்கிறான். சிறையிலிருந்து ஒரு கைதியைக் கொண்டுவந்து அவனிடம் செய்துகாட்டச் சொல்கிறான் மன்னன். மனிதனிடம் இதைச் செய்யக்கூடாது என்று டெடி மறுத்துவிடுகிறான். இந்தக் கதையில் ரம்பம் எங்கே? பெட்டி எங்கே? இடுப்பு எங்கே? மனிதரை வெட்டமாட்டேன் என்று மன்னனிடமே மறுத்தவனைப் பிடித்து, மனிதரை அறுக்கும் வித்தைக்கு மூலவன் ஆக்குவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகும். அதோடு, அந்தச் சுவடி எழுதப்பட்டது குஃபுவுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின். அது மந்திரவாதிகளின் அற்புதங்களைச் சொல்லும் கதைத் தொகுப்பு. கதையில் வந்ததை மேடையில் நடந்ததாக எழுதுகிறவர், விக்கிரமாதித்தன் கதையைப் படித்துவிட்டு வேதாளத்துக்கு முகவரி கேட்பாரா?

டெடிக்கும் செல்பிட்டுக்கும் நடுவில் பாலமாக அவர் போடுவது டோரினி என்ற பெயர். 1809இல் போப்பாண்டவர் ஏழாம் பயஸ் முன்னிலையில் டோரினி இதைச் செய்தார் என்று எழுதுகிறார். டோரினியைப் பற்றி நமக்குச் சொல்வது பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட் ஹூடின் 1858இல் வெளியிட்ட தன்வரலாறு. அந்தப் பாத்திரமே ராபர்ட் ஹூடினின் கற்பனை என்பது வித்தை வரலாற்றை ஆராய்ந்த ஜிம் ஸ்டைன்மேயர் போன்றவர்களின் முடிவு. ஆக, கட்டுரையாளர் கட்டிய பாலத்தின் ஒரு கால் வாத்தின் மேல், மறு கால் கற்பனை மனிதரின் தோள் மேல். ராபர்ட் ஹூடின் இப்படி ஒரு காட்சியை எழுத்தில் கற்பனை செய்தார் என்று சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன், ஏனென்றால் அது மெய். யோசனை பிறப்பது வேறு, அது மேடையில் நடக்கும்படி ஒரு வழியைக் கண்டுபிடிப்பது வேறு. பறக்க ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் விமானம் செய்தவர்கள் ஆகிவிடுவார்களா?

மேடையில் நடந்ததற்குத் தேதி இருக்கிறது. டிபிள்ஸ் என்ற தன் குடும்பப் பெயரைத் திருப்பிப் போட்டு செல்பிட் என்று வைத்துக்கொண்ட அந்த ஆங்கிலேயர், 1920 டிசம்பரில் லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் ஹாலில் நாடக முகவர்களுக்கு இதைக் காட்டினார். பொதுமக்களுக்குக் காட்டியது 1921 ஜனவரி 17, ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில். அன்று என்ன நடந்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கட்டுரையாளர் இதைப் பார்க்கவே இல்லை. பெண்ணின் மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து எல்லாவற்றிலும் கயிறு கட்டினார்கள். அவளைப் பெட்டிக்குள் நிறுத்தி, கயிற்று நுனிகளைத் துளைகள் வழியாக வெளியே இழுத்து, பார்வையாளர்களிலிருந்து மேடைக்கு வந்தவர்கள் கையில் கொடுத்தார்கள். பெட்டியை மூடிப் பூட்டிக் கிடத்தினார்கள். கண்ணாடித் தகடுகளைப் பெட்டிக்குள் குறுக்கே செருகினார்கள். பிறகு பெரிய கை ரம்பத்தால் நட்ட நடுவில் அறுத்தார்கள். திறந்தபோது அவள் கட்டுகளோடு அப்படியே இருந்தாள்.

கவனித்தீர்களா? உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை தலையும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. வெளியே காட்ட எதுவுமே இல்லாத பெட்டிக்குள் இரண்டாவது பெண்ணுக்கு என்ன வேலை? இரண்டாவது ஆள் தேவைப்படுவது, ஒரு பக்கம் ஒருத்தியின் தலையையும் மறுபக்கம் இன்னொருத்தியின் காலையும் நீட்டிக் காட்டும்போதுதான். செல்பிட்டின் முறை நின்றது கட்டிய கயிற்றில் கிடைக்கும் சிறு தளர்ச்சியிலும், வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைவிடப் பெட்டிக்குள் கூடுதலாக இருந்த இடத்திலும், அந்த இடத்தில் தன் உடலைச் சுருக்கி ரம்பத்துக்கு வழிவிட்ட ஒரே ஒரு பெண்ணின் திறமையிலும். கட்டுரையாளரின் விளக்கம் இந்த வித்தை பொதுமேடை ஏறிய முதல் இரவுக்கே பொருந்தவில்லை. தருக்க நூலார் இதை அவ்யாப்தி என்பார்கள். விளக்க வேண்டிய பொருளில் ஒரு பகுதியைத் தொடாமலேயே நின்றுவிடும் விளக்கம். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், கால் அளவு தெரியாமல் தைத்த செருப்பு.

இனி கோல்டின். அவர் இதை நியூயார்க்கில் மக்அல்பின் ஹோட்டலில் அமெரிக்க வித்தைக்காரர்கள் சங்க விருந்தில் காட்டியது 1921 ஜூன் மாதம். காப்புரிமை வாங்கியது 1923இல். ஜனவரி ஜூனுக்கு முந்தியது என்று நிறுவ ஆராய்ச்சி தேவையில்லை, நாட்காட்டி போதும். பல ஆண்டுகளுக்கு முன்பே தனக்கு இந்த யோசனை இருந்தது என்று கோல்டின் சொல்லிக்கொண்டது உண்மைதான். மனதுக்குள் இருந்த யோசனைக்கு முதல் இடம் என்றால் ராபர்ட் ஹூடின் எழுதிய புத்தகம் அதற்கும் முந்தியதாயிற்றே, அவரை ஏன் இந்த இடத்தில் கைவிட்டார் கட்டுரையாளர்? காப்புரிமை என்ற ஆவணம் சொல்வது, இந்தக் கருவி இப்படி இயங்கும், இதன் உரிமை எனக்கு என்பதை மட்டும்தான். உலகில் முதலில் நினைத்தவன் நான் என்பதற்கு அது தாய்ப்பத்திரம் ஆகாது.

கோல்டினைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. அவர் செய்த மாற்றம் பெரியது. தலை, கை, கால் எல்லாம் பெட்டிக்கு வெளியே தெரியும்படி வைத்து, பெட்டியை அறுத்தபின் இரண்டு பாதிகளையும் பிரித்துத் தள்ளிக்காட்டியது அவர் வழி. அங்கேதான் இரண்டாவது ஆள் வருகிறார். செல்பிட் அமெரிக்கா போய் கோல்டின் மேல் வழக்குத் தொடுத்தபோது வழக்கு தோற்றது. ஏன் தோற்றது? ஒருவர் காட்டியது உடலுக்குள் ரம்பம் புகுந்து போவதை, மற்றவர் காட்டியது உடல் இரண்டாகப் பிரிவதை, ஆகவே இரண்டும் வெவ்வேறு என்று நீதிமன்றம் கருதியது. அதாவது, கோல்டினைத் தூக்கிப்பிடிக்க இவர் எந்த வரலாற்றைக் கையில் எடுத்தாரோ, அதே வரலாறு ரகசியம் ஒன்றே ஒன்று என்ற இவருடைய வாக்கியத்தைக் கீழே தள்ளிவிடுகிறது. தான் உட்கார்ந்திருக்கும் கிளையை அறுக்க மட்டும் இவருக்கு நன்றாகவே ரம்பம் பிடிக்க வருகிறது.

அந்தக் காப்புரிமையின் கதையையும் அவர் பாதியில் விட்டுவிட்டார். காப்புரிமை வாங்க வேண்டுமானால் முறையை எழுதித்தர வேண்டும். எழுதித்தந்தது யாரும் படிக்கக்கூடிய பொது ஆவணம். 1933இல் கேமல் சிகரெட் தயாரித்த ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம், மேடை வித்தைகளின் ரகசியங்களைப் படம் போட்டு விளக்கும் விளம்பர வரிசையில் இதையும் வெளியிட்டது. கோல்டின் வழக்குப் போட்டார். 1938இல் வழக்கு தள்ளுபடியானது. தானே ஊரறியப் பதிவு செய்த ஒன்றை ரகசியம் என்று எப்படிக் கோர முடியும்? ஆக, கட்டுரையாளர் இன்று அம்பலப்படுத்துவதாக மார்தட்டும் இரண்டு பெண்கள் 1923இலிருந்து அரசாங்கக் காகிதத்தில் படுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் திறந்திருக்கும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டுப் பூட்டை உடைத்தேன் என்று பெருமை பேசுவதற்கு எந்தத் துணிச்சலும் தேவையில்லை.

இந்த வித்தையின் வரலாற்றைப் படிக்கும் யாருக்கும் எளிதில் புலப்பட வேண்டிய ஒன்று இவருக்குப் புலப்படவே இல்லை. ஒவ்வொரு புதிய வடிவமும் அதற்கு முந்தைய வடிவத்தைப் பார்த்தவர்களின் ஊகத்துக்குச் சொல்லப்பட்ட பதில். நழுவிப் போயிருப்பாள் என்று கூட்டம் நினைக்கும், ஆகவே கயிற்று நுனியைக் கூட்டத்தின் கையிலேயே கொடு. உள்ளே சுருண்டிருப்பாள் என்று நினைப்பார்கள், ஆகவே தலையையும் காலையும் வெளியே நீட்டு. மேசைக்குள் இன்னொருத்தி என்பார்கள், ஆகவே மேசையை மெலிதாக்கு. பெட்டிதான் சூழ்ச்சி என்பார்கள், ஆகவே பெட்டியையே எடுத்துவிடு. கோல்டின் 1931இல் அதைத்தான் செய்தார். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கண் முன்னே சுழலும் பெரிய வட்ட ரம்பத்தைக் கொண்டுவந்தார். இரண்டு பெண்கள் என்று இன்று சொல்பவர், எப்போதோ பதில் சொல்லி முடிக்கப்பட்ட கேள்வியைப் புதிது போலத் தூக்கிக்கொண்டு வருகிறார். வித்தைக்காரன் அவருக்காகவே வெட்டி வைத்த பள்ளத்தில் விழுந்து, அங்கிருந்தபடியே வெற்றி முழக்கமும் செய்கிறார்.

வட்ட ரம்பம் என்றதும் அவருக்கு மூச்சு முட்டுகிறது. பெட்டி இல்லை, இரண்டாவது பெண்ணை ஒளிக்க இடம் இல்லை. உடனே மனோவசியத்துக்கு ஓடுகிறார். 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் நேரலையில் தோன்றிய சர்க்கார், 17 வயது தீப்தி தேயை மேசையில் கிடத்தி, சுழலும் ரம்பத்தை அவர் உடல் மேல் இறக்கினார். முடிந்ததும் பெண்ணின் கையைத் தேய்த்து எழுப்பிப் பார்க்கிறார், அவர் எழவில்லை. துணி போர்த்துகிறார்கள். தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமராவுக்கு முன் வந்து விடைபெறுகிறார், நிகழ்ச்சி முடிகிறது. பெண் செத்துவிட்டாள் என்று பதறியவர்களின் அழைப்புகளால் பிபிசியின் தொலைபேசிகள் ஸ்தம்பித்தன. நேரம் தீர்ந்துவிட்டது, வேறொன்றும் இல்லை என்று பிபிசி விளக்கம் சொன்னது. மறுநாள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் சர்க்கார். டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் அவர் நிகழ்ச்சிக்கு டிக்கெட்டுகள் தீர்ந்தன.

இதைக் கூட்டு மனோவசியம் என்கிறார். யாரை வசியம் செய்தார் சர்க்கார்? கேமராவையா? வசியப்பட மனம் வேண்டும், கேமராவுக்கு ஏது மனம்? வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்தவனும், பாதியில் வந்து உட்கார்ந்தவனும், குழந்தையை அதட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தவளும் ஒரே நொடியில் ஒரே பிம்பத்துக்கு வசியமானார்களா? விளக்க முடியாத இடத்தில் ஒரு பெரிய சொல்லை வைத்துவிட்டு நகர்வது விளக்கம் ஆகாது, அறியாமைக்குப் போர்த்திய பொன்னாடை. இந்தியர் செய்தால் மட்டும் வசியம், வெள்ளைக்காரர் செய்தால் தொழில்நுட்பம் என்று பிரிக்கும் இந்தப் பழைய பழக்கம் புகழ்ச்சி போலத் தெரியலாம். அது சர்க்காரின் உழைப்பையும் திட்டத்தையும் பறித்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு மாயப் பட்டத்தைக் கையில் திணிக்கிறது.

அன்றைய நிகழ்ச்சியை ஊன்றிப் பார்த்திருந்தால் இவர் ஒன்றைக் கண்டிருப்பார். வெட்டுவது, ஒட்டுவது என்று இரண்டு பாதிகள் கொண்ட வித்தையில் சர்க்கார் வெட்டியதை மட்டும் காட்டினார். ஒட்டுவதை அவர் மேடையில் செய்யவே இல்லை. அந்தப் பெண் நலம் என்ற செய்திதான் ஒட்டியது. ஆகவே அன்றைய முறையைத் தேடுகிறவன் ரம்பத்தைப் பார்த்தால் போதாது, கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். நேரலை எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிந்த கலைஞர், லண்டனில் தன் நிகழ்ச்சி தொடங்கவிருந்த சமயத்தில், தற்செயலாகத்தான் அந்த நொடியில் நேரத்தைத் தவறவிட்டாரா? திட்டமிட்டார் என்பது என் அனுமானம். அதற்கு ஏது இருக்கிறது: பலன் யாருக்குப் போனது என்பது. மனோவசியத்துக்கு இவர் காட்டும் ஏது எது?

கடைசியாக அந்த உபதேசம். ரகசியத்தைத் தேடினால் வித்தை செத்துவிடுமாம். 1584இல் இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் சூனிய நம்பிக்கையை எதிர்த்து எழுதிய புத்தகத்தில், நாடாவை நடுவில் வெட்டி மறுபடி முழுசாக்கிக் காட்டுவது எப்படி என்று விளக்கியிருக்கிறார். பிசாசின் துணையால்தான் இப்படிப்பட்டதெல்லாம் நடக்கும் என்று நம்பி, சூனியக்காரிகள் என்று பட்டம் கட்டிப் பெண்களைத் தூக்கில் போட்ட காலம் அது. கை வேகமும் பயிற்சியும் போதும், பிசாசு தேவையில்லை என்று காட்டுவதற்காக அவர் எழுதினார். எப்படி என்று கேட்பதைப் பாவம் என்கிற கட்டுரையாளர், ஸ்காட்டின் முன்னால் நின்று இதைச் சொல்லத் துணிவாரா?

வித்தை சாகவும் இல்லை. வாசகர் ஒருவர் ஒன்றரை மீட்டர் பருத்திக் கயிற்றை எடுத்துக்கொள்ளட்டும். நடுவை இடது கையில் பிடித்து, இரண்டு நுனிகளையும் தொங்கவிடட்டும். நடுப்பகுதியை மேலே வளையமாக இழுப்பது போலக் காட்டி, உண்மையில் ஒரு நுனிக்கு அருகிலுள்ள பகுதியை மேலே இழுக்கட்டும். மெய்யான நடு உள்ளங்கைக்குள் ஒளிந்திருக்கும். மேலே தெரியும் வளையத்தை வெட்டினால் கூட்டத்தின் கண்ணுக்குக் கயிறு இரண்டாகிறது. உண்மையில் போனது நுனியில் விரலளவு. அந்தத் துண்டைக் கயிற்றின் நடுவில் முடிச்சாகப் போட்டு, முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கித் தள்ளினால் கயிறு முழுசு. ரகசியம் இப்போது உங்கள் கையில். ஒரு கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள். கட்டைவிரல் காட்டிக்கொடுக்கும், பார்வை போகக்கூடாத இடத்துக்கே போகும், கத்தரி ஒரு கணம் தயங்கும். நூறு முறை செய்த பிறகே, இதைத் தெருவில் நின்று செய்பவனின் விரல்களுக்கு எவ்வளவு மரியாதை பாக்கி வைத்திருக்கிறோம் என்று தெரியும். ரகசியம் தெரிந்தவுடன் ரசிக்க முடியாமல் போகிறவர், முன்பும் வித்தையை ரசித்தவர் அல்லர். தனக்குத் தெரியாததை மட்டும் ரசித்தவர்.

இரண்டு நாற்காலியிலும் உட்கார வேண்டும் என்ற ஆசையே இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. அம்பலப்படுத்திய வீரன் என்ற பெயரும் வேண்டும், மர்மத்தைக் காக்கும் ரசிகன் என்ற பெயரும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தேடல் என்ற உழைப்பு மட்டும் வேண்டாம். ரகசியம் இதுதான் என்று யாராவது சொன்னால் வாசகர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எந்த ஆண்டு, எந்த மேடை, எந்த வடிவம்? பதில் இல்லாதவரிடம் ரகசியமும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. மக்அல்பின் ஹோட்டலில் கோல்டின் அறுத்தது ஹோட்டல் சிப்பந்தி வேடமிட்ட ஓர் ஆளை. பெண்ணை அறுத்தால்தான் கூட்டம் வரும் என்பது புரிந்த பிறகு அவரும் மாறினார். பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டுக்கு, வாரம் 20 பவுண்டு தருகிறேன், வந்து அறுபடு என்று அழைப்பு விடுத்தார் செல்பிட். பாங்க்ஹர்ஸ்ட் மறுத்துவிட்டார். அந்தக் காலத்தின் கோபம் எதன் மேல் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? இத்தனைக்கும் நடுவில், ரம்பம் பிடித்தவருக்குப் பேர் கிடைத்தது. கயிற்றுக்குள் உடலைச் சுருக்கி, மூச்சை அடக்கி, ரம்பத்துக்கு வழிவிட்டு வித்தையை உண்மையில் செய்தவர் உள்ளே கிடந்தார். ஃபின்ஸ்பரி பார்க்கில் அந்த இரவு உள்ளே இருந்தவரின் பெயர் பெட்டி பார்க்கர். கட்டுரை முழுவதும் தேடினேன். பெட்டி இருக்கிறது, பெட்டி பார்க்கர் இல்லை.